பல் டாக்டர் தொட்டியில் பாசி

ஒரு பல் டாக்டர் பொய் சொல்லிக் கையும் களவுமாகப் பிடிபட்டதை நான் நேரில் பார்த்தேன்.

பார்த்து மூன்று மாதம் ஆகிறது. இத்தனை நாள் இந்தப் பக்கத்தில் அதை எழுதாமல் அடக்கி வைத்திருந்தேன். காரணம், அந்த டாக்டர் என் பள்ளித் தோழன். இன்னொரு காரணம், என் கடைவாய்ப் பல் ஒன்று அப்போது அவன் கையில் பாதி வேலையில் நின்றது. பல்லைப் பாதியில் கொடுத்துவிட்டு டாக்டரைப் பகைத்துக்கொள்ளும் துணிச்சல் எனக்குக் கிடையாது.

போன வாரம் அவனே சொன்னான். "எழுதிக்க மாப்ள. என் பேரை மட்டும் மாத்திரு."

மாற்றிவிட்டேன். இங்கே அவன் பெயர் கதிரேசன். மதுரை அவனியாபுரத்தில், வரவேற்பறையில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கும் பல் டாக்டர் ஒரே ஒருவர்தான் என்றால் அதற்கு நான் பொறுப்பல்ல.

கதிரேசனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கைராசிக்காரன். வலிக்காமல் ஊசி போடுவான். ஆனால், அவனிடம் பல்லைக் காட்டப் போனால் முதலில் திட்டு, அப்புறம்தான் டார்ச்.

"ராத்திரி பல் விளக்குறியா?"

"விளக்குறேன்."

"நாக்கு விளக்குறேங்குது. பல்லு இல்லேங்குதே."

இப்படித்தான். வயதானவர், வக்கீல், போலீஸ்காரர் — யாரையும் விட மாட்டான். பொய்யைக் கண்டுபிடிக்கும்போது அவன் முகத்தில் ஒரு ஒளி வரும் பாருங்கள்... எதிரில் வாயைத் திறந்துகொண்டு கிடப்பவனால் பதில் பேச முடியாது என்பதும் அந்த ஒளிக்கு ஒரு காரணம்.

இவனுக்கு ஏன் கடல்?

பொங்கல் முடிந்த கையோடு ஏதோ மாநாட்டுக்குச் சென்னை போனான். அங்கே ஒரு கிளினிக்கில் பவளமும் மீனுமாக ஒரு தொட்டியைப் பார்த்திருக்கிறான். திரும்பி வந்ததும் எனக்குப் போன். "கடல் மீனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா பேஷண்டுக்குப் பயம் போயிருமாம் மாப்ள."

"அவுங்க பயப்படுறது உன்னைப் பாத்து. மீன் என்ன செய்யும்?"

"உனக்கு ரசனை பத்தாது" என்று போனை வைத்துவிட்டான்.

தங்கமீன் வைத்தால் போதாதா என்று கேட்டேன், அடுத்த முறை. அது எல்லா ஓட்டலிலும் இருக்கிறதாம். இவனுக்கு உப்புத் தண்ணீர்தான் வேண்டும். பவளம் வேண்டும். அது மூச்சு விடுவதை நோயாளிகள் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் கடலை இரண்டு முறை பார்த்திருப்பான். இரண்டு முறையும் ராமேஸ்வரத்தில், ஈர வேட்டியோடு.

மாசி மாதம் ஒரு டெம்போவில் வந்து இறங்கியது கடல். இரண்டரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி, பம்பு, நீலமாக எரியும் விளக்கு, ஒரு வாளி உப்புப் பொடி. சென்னையிலிருந்து வந்த ஆள் ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைத்தார். தொட்டியைக் கொஞ்ச நாள் வெறுமனே ஓடவிட வேண்டாமா என்று கதிரேசனே கேட்டானாம். "அதெல்லாம் பழைய காலம் சார். இந்த பாட்டில் பாக்டீரியாவை ஊத்துனா இன்னிக்கே மீன் விடலாம். மெயின்டனன்ஸே கிடையாது."

மெயின்டனன்ஸே கிடையாது. இந்த வார்த்தையைச் சொல்லி இந்த ஊரில் எதைத்தான் விற்கவில்லை? மொட்டைமாடி ஷீட், வாசல் டைல்ஸ், சில மாப்பிள்ளைகள்... வாங்கிய பிறகுதான் தெரியும், பராமரிப்பு இல்லாதது விற்றவருக்கு மட்டும்.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டி அழகாக இருந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். தட்டுத் தட்டாகக் கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் காளான் பவளம். தோல் போலத் தடித்த ஒரு பவளம், உடம்பெல்லாம் சின்னச் சின்ன விரல்களோடு. இன்னொன்று, குட்டிக் குட்டிக் கைகளை விரித்து மூடி, விரித்து மூடி, நாள் முழுக்க யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பாசி மேய்வதற்கு ஆறேழு நத்தைகள்.

அப்புறம், சின்ன டாக்டர்.

அது ஓர் இறால். சிவப்பு முதுகில் நடுவாக ஒரு வெள்ளைக் கோடு. விரல் நீளம்தான் இருக்கும். கடலில் பெரிய மீன்கள் இந்த இறாலிடம் வந்து வாயைத் திறந்துகொண்டு காத்திருக்குமாம். இது உள்ளே போய், பல்லிடுக்கில் சிக்கியதை எல்லாம் எடுத்துத் தின்றுவிட்டு வெளியே வருமாம். கதிரேசனுக்கு இதைக் கேட்டதிலிருந்து தலைகால் புரியவில்லை. தண்ணீருக்குள் அவனுக்கு ஒரு சக தொழிலாளி.

"ஒரு மீனும் இதுகிட்ட பொய் சொல்லாது மாப்ள" என்றான் ஒருநாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

சின்ன டாக்டர் என்று பெயர் வைத்தது மகேஸ்வரி. கதிரேசனிடம் பத்து வருடமாக வரவேற்பு மேசையில் இருக்கிற அவனியாபுரத்துப் பெண். காலையில் வந்ததும் கதிரேசன் கையை நன்றாகக் கழுவிவிட்டு ஒரு விரலைத் தொட்டிக்குள் விடுவான். இறால் நடந்து வந்து விரலில் ஏறும். நகக்கண்ணைச் சுரண்டிச் சுரண்டிச் சுத்தம் செய்யும். ஊரையே திட்டுகிற மனிதன், அந்த ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் நிற்பான். நோயாளிகள் சுற்றி நின்று வீடியோ எடுப்பார்கள்.

இந்தக் கல்யாணக் களை மூன்று வாரம் இருந்தது.

முதலில் மணலில் டீ சிந்தியது போல ஒரு பழுப்பு. மகேஸ்வரி துடைத்தாள். மறுபடி வந்தது. அப்புறம் பழுப்பு போய்ப் பச்சை வந்தது. பச்சை என்றால் பளிங்கில் படிகிற பச்சை இல்லை. முடி. கல்லுக்கெல்லாம் முடி முளைத்து, அலையில் ஆடிக்கொண்டிருந்தது. பவளத்தின் அடியில் இருந்து ஏறி அதன் கழுத்து வரை வந்துவிட்டது. கூப்பிட்டுக்கொண்டே இருந்த கைகள் பாதி நேரம் மூடியே கிடந்தன.

"கடல்ல இப்படித்தான் இருக்கும். இயற்கை" என்று எல்லோரிடமும் சொன்னான் கதிரேசன்.

செக்கானூரணிப் பக்கமிருந்து பல் பிடுங்க வந்த ஒரு விவசாயி தொட்டியை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "டாக்டரே, ஒரு கன்னுக்குட்டியை அவுத்து விட்டா நல்லா மேஞ்சிரும்."

அவருக்கு அன்றைக்கு ஊசி கொஞ்சம் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இயற்கை என்று வெளியே சொன்னானே தவிர, உள்ளுக்குள் பதறிப்போயிருந்தான். பதறுகிற மனிதன் என்ன செய்வான்? எதையாவது வாங்குவான். பெரிய பம்பு வாங்கினான். இன்னும் பிரகாசமான விளக்கு வாங்கினான். காலை ஒன்பது மணிக்குப் போட்டால் கிளினிக் பூட்டும் வரைக்கும் அது எரியும். பாசிக்கு அதைவிட என்ன வேண்டும்? மாநாட்டுப் பந்தல் போட்டுக் கொடுத்தது போல, வசதியாக வளர்ந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஜெசிந்தா டீச்சர் பல்லுக்கு கேப் போட வந்தார்.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குரல் உயரவே உயராது. நான் அன்றைக்கு வேர் சிகிச்சையின் இரண்டாம் கட்டத்தை முடித்துவிட்டு, மரத்துப்போன உதட்டோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். பேசினால் எச்சில் ஒழுகும். அதனால் இந்த வழக்கில் நான் ஊமைச் சாட்சி.

டீச்சர் தொட்டியின் முன்னால் போய் நின்றார். குனிந்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். மகேஸ்வரியிடம் டார்ச் வாங்கிக் கல்லுக்குப் பின்னால் அடித்துப் பார்த்தார். கதிரேசன் உள்ளேயிருந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான்.

"டாக்டர், இது உங்க தொட்டியா?"

"ஆமா டீச்சர். ரீஃப் டேங்க். மதுரையில நெறையப் பேர்கிட்ட கிடையாது."

"பவளத்துக்கெல்லாம் பேப்பர் இருக்கா? கல்லு மாதிரி கெட்டியா வளர்ற பவளத்தை வச்சிருந்தா சட்டப்படி குத்தம்."

"எல்லாம் மெதுப் பவளம்தான் டீச்சர். பேப்பர் இருக்கு."

"நல்லது. என் வீட்லயும் ஒண்ணு இருக்கு, இதைவிடச் சின்னது. அஞ்சு வருசமா ஓடுது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடுறீங்க?"

"ஒரே ஒரு தடவை."

யோசிக்காமல் வந்தது பதில். அந்த வேகம் எனக்கு நன்றாகத் தெரியும். 'விளக்குறேன்' என்று நான் சொல்கிற வேகம் அது.

"எவ்வளவு?"

"ஒரு சிட்டிகை. அம்புட்டுத்தான்."

"தண்ணி மாத்துறீங்களா?"

"வாரா வாரம்."

"லைட் எத்தனை மணி நேரம் எரியும்?"

"ஆறு மணி நேரம்... மிஞ்சிப்போனா ஏழு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். "தொட்டி வேற மாதிரி சொல்லுதே டாக்டர்."

மேசைக்குப் பின்னாலிருந்து மகேஸ்வரியின் குரல். "சார், காலையில நான் போடுறேன். மத்தியானம் நீங்க போடுறீங்க. சாயங்காலம் வார்றவுக பிள்ளைகள்லாம் போடுதுக. டப்பாவையே தொட்டி மேலதான வச்சிருக்கோம்? தண்ணி மாத்துனது சிவராத்திரிக்கு முந்தி. லைட்டை நான் வந்ததும் போடுறேன், போகும்போதுதான் அமத்துறேன்."

கதிரேசனின் காது சிவந்ததை முப்பத்தைந்து வருடத்தில் முதல் முறையாகப் பார்த்தேன். சிரிக்க முயன்றேன். உதடு ஒத்துழைக்கவில்லை. சட்டைதான் நனைந்தது.

எத்தனை பேரை இந்த மனிதன் இப்படி நிறுத்தி வைத்துக் கேட்டிருப்பான். இனிப்பு சாப்பிடுறீங்களா? கொஞ்சம். விளக்குறீங்களா? ரெண்டு வேளை. கேள்வி கேட்கிற இடத்தில் இருந்துகொண்டே பழகிவிட்டால், பதில் சொல்கிற இடத்தில் மனிதன் எவ்வளவு சின்னவனாகிவிடுகிறான் என்பது மறந்துபோகும். அவனுக்கு அன்றைக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

டீச்சர் அவனை விரட்டவில்லை. "பாசி வியாதி இல்லை டாக்டர். மீன் சாப்பிட்டது போக மிச்சத்தை யாராச்சும் சாப்பிடணும்ல? பாசி சாப்பிடுது. நீங்க மீன் வளர்க்கலை, பாசி வளர்க்கிறீங்க. நல்லாவே வளர்த்திருக்கீங்க."

மறுநாள் சோதனைப் பாட்டில்களோடு வந்து தண்ணீரைப் பரிசோதித்தார். பாசிக்கு உரமாகும் நைட்ரேட், ரோஸ்மில்க் நிறத்துக்குப் போனது. பாஸ்பேட் நீலத்தைக் காட்டும் அட்டையில் கடைசிக் கட்டத்தையும் தாண்டியது. ஆர்.ஓ. மிஷினின் ஃபில்டர் செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. பவளத்துக்கு முப்பது டிகிரி சூடே அதிகம் என்றார். மதியம் கிளினிக்கை மூடி ஏ.சி.யை அணைத்தபின் அவனியாபுரத்துச் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் ரசமாகிக்கொண்டிருந்தது. ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்குப் பதிலாக இவர்கள் உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். உப்பு ஆவியாகாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். டாக்டருக்கு இரண்டு பட்டம்.

கதிரேசனின் மருந்துச் சீட்டையே வாங்கி டீச்சர் எழுதிக் கொடுத்தார். லைட் எட்டு மணி நேரம். தீனி ஒருநாள் விட்டு ஒருநாள். வாரம் ஒரு முறை, தொட்டியில் எட்டில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் மாற்ற வேண்டும். பாசியைக் கையால் பிடுங்க வேண்டும். மதியத்துக்குத் தண்ணீர் மேல் ஒரு சின்ன ஃபேன்.

கதிரேசன் சீட்டை வாங்கிப் படித்தான். திருப்பியும் பார்த்தான். "மருந்து ஒண்ணும் இல்லையா டீச்சர்?"

"இதுதான் மருந்து."

"எம்புட்டு நாள்ல போகும்?"

"ரெண்டு மாசம். கூடவும் ஆகலாம்."

"ரெண்டு மாசமா?"

"ஈறு வீங்கி வர்றவங்க நாளைக்கே சரியாகணும்னா நீங்க என்ன சொல்வீங்க டாக்டர்?"

அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். இங்கே அச்சில் போட முடியாது.

நான்கு நாள் ஒழுங்காகச் செய்தான். எண்ணி நான்கு நாள். புது பிரஷ் வாங்கிய ஜோரில் நாமெல்லாம் இரண்டு வேளை விளக்குவோமே, அந்த நான்கு நாள். ஐந்தாம் நாள், அது ஒரு சனிக்கிழமை, வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டான். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் பாசி சாகும் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் சொல்கிறார். வாய் கொப்பளிக்க வைப்பதற்காக அதே மருந்து இவன் அலமாரியில் பாட்டில் பாட்டிலாக இருக்கிறது. ஒரு டாக்டருக்கு இதைவிடச் சோதனை வேண்டுமா?

அந்த வெள்ளைக்காரர் கல்லை வெளியே எடுத்து, சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழுவினாராம். அது வீடியோவின் பின்பாதி. நம் ஆள் பார்த்தது முன்பாதி. முழு பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தான்.

கல்லெல்லாம் சோடா போல நுரைத்துப் பொங்கியிருக்கிறது. கிளினிக் பூட்டுவதற்குள் பாசி வெளுக்கத் தொடங்கிவிட்டது. எனக்குப் போட்டோ வந்தது. கூடவே ஒரு செய்தி: 'டீச்சர் ரெண்டு மாசம்னாங்க. எனக்கு ரெண்டு மணி நேரம்.'

நான் என்ன செய்தேன்? கட்டை விரலை உயர்த்தி அனுப்பினேன். இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது.

பத்து நாளில் ஆங்கிலம், ஒரு வாரத்தில் தொப்பை, ஒரே பாட்டிலில் முடி. நம் ஊர்ச் சுவர்களைப் படித்தாலே தெரியும், நாம் எதற்கு அவசரப்படுகிறோம் என்று. பத்து வருடம் பொறுமையாக வளர்த்த தொப்பை அது. வளரும்போது காட்டிய நிதானத்தைக் கரைக்கும்போது ஏன் காட்டுவதில்லை?

ஞாயிறு கிளினிக் விடுமுறை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் பல்லின் மூன்றாம் கட்டம். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கிக் கதவைத் திறந்தேன். மீன் மார்க்கெட் மூடிய பிறகு வருமே ஒரு வாடை, அது முகத்தில் அடித்தது. மகேஸ்வரி மூக்கில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு நின்றாள். தொட்டித் தண்ணீர் அரிசி கழுவியது போல இருந்தது.

கைகளை விரித்து மூடும் பவளம் இருந்த இடத்தில் சளி போல ஏதோ தொங்கியது. நத்தைகள் மல்லாந்து கிடந்தன. இரண்டு கோமாளி மீன்களும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து காற்றுக்குத் தவித்தன.

"சின்ன டாக்டர் போயிருச்சு சார்" என்றாள் மகேஸ்வரி.

முன்பக்க மூலையில் கிடந்தது. சிவப்பு போய் வெளுத்திருந்தது. கதிரேசன் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டான். எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றான். ஏறி வரும் என்று காத்திருப்பவன் போல.

அப்புறம் உள்ளே போய், நோயாளிகள் படுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தான். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாந்தான்டா கொன்னேன்" என்றான்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு உதடு மரக்கவும் இல்லை.

அடுத்து அவன் செய்த காரியத்துக்காகத்தான் இன்றைக்கும் அவன் என் நண்பன். போனை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டான். "டீச்சர், பெராக்சைடு ஊத்திட்டேன். ஒரு மூடி, ரெண்டு மூடி இல்லை. முழு பாட்டில். சனிக்கிழமை சாயங்காலமே ஊத்திட்டேன்." கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னான். குறைக்கவில்லை, சுற்றவில்லை.

டீச்சருக்குக் கோடை விடுமுறை. அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். மூடி போட்ட இரண்டு வாளிகளில் தன் வீட்டுத் தொட்டித் தண்ணீர், கையில் பேட்டரியில் ஓடும் குட்டிக் காற்றுப் பம்பு. மீன்களை ஒரு வாளியில் விட்டார். காளான் பவளக் கல்லும், சுருங்கிப்போன தோல் பவளமும் இன்னொரு வாளியில். நானும் மகேஸ்வரியும் தூக்கினோம். கதிரேசன் அன்றைய நோயாளிகள் அனைவரையும் திருப்பி அனுப்பினான், என்னையும் சேர்த்து.

ஆட்டோவில் ஏறும்போது டீச்சர் ஒன்றே ஒன்று சொன்னார். "எது பாசி, எது இறால்னு அந்த மருந்துக்கு எப்படித் தெரியும் டாக்டர்?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அந்த வாரக் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கதிரேசன் பசுமலைக்குப் போக ஆரம்பித்தான். முதல் முறை நானும் போனேன். டீச்சர் வீட்டு ஹாலில், தையல் மிஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் இரண்டடித் தொட்டி. எங்கள் மீன்கள் அங்கே சௌகரியமாக இருந்தன. கதிரேசன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் ஒரு கல்லைக் கண்டுபிடித்தான். அவன் முகத்தில் பழைய ஒளி.

"டீச்சர், உங்க தொட்டியிலயும் பாசி இருக்கே?"

"இருக்கும். கொஞ்சம் இருக்கணும். இல்லைன்னா நத்தை எதைத் தின்னும்? பாசியே இல்லாத தொட்டி கடையில இருக்கிற காலித் தொட்டிதான்."

ஒளி அணைந்தது.

தொட்டியை முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை பாட்டில் பாக்டீரியா இல்லை. டீச்சர் தன் தொட்டியிலிருந்து கொடுத்த ஒரு பழைய கல்லைப் போட்டு, மீன் இல்லாமல் வெறும் தண்ணீரை வாரக்கணக்கில் ஓடவிட்டார்கள். ஆர்.ஓ. ஃபில்டரை மாற்றினான். லைட்டுக்கு டைமர் வைத்தான். நாள்தோறும் உப்பு அளவும் சூடும், மூன்று நாளைக்கு ஒரு முறை நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நோட்டில் எழுத வேண்டும். ஞாயிறு தோறும் டீச்சர் பார்ப்பார், சிவப்பு பேனாவோடு.

மூன்றாவது வாரம் நம் டாக்டர் என்ன செய்தான் தெரியுமா? சோதிக்காமலே ஒரு வார அளவை மொத்தமாக எழுதிக்கொண்டு போனான். ஏழு நாளும் ஒரே உப்பு, ஒரே சூடு. டீச்சர் பக்கம் முழுவதற்கும் ஒரு வட்டம் போட்டுக் கீழே எழுதினார்: 'மறுபடி செய்யவும்.'

இறாலைக் கொன்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனிதன் திருந்துவது தொட்டி தெளிவதைவிட மெதுவாகத்தான் நடக்கிறது.

உண்மையில் அந்தத் தொட்டியைக் காப்பாற்றியது மகேஸ்வரி. தீனி டப்பாவை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பில். ஒரு குழந்தை அழுதால்கூட அசரவில்லை. கதிரேசனே கேட்டால், "நேத்துதான போட்டோம். இன்னைக்கு லீவு சார்" என்பாள். அளவுகளை அவளே எடுத்து அவளே எழுதினாள். நோட்டில் அதன் பிறகு வட்டம் விழவில்லை.

கதிரேசனுக்கு மிஞ்சியது ஒரு வேலைதான். தினமும் காலையில் மிருதுவான டூத் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்துப் பாசியை எடுப்பது. அதைப் பார்க்க வேண்டும் நீங்கள். பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல்... "பவளமும் கல்லும் சேர்ற எடத்துலதான் மாப்ள ஒளிஞ்சிருக்கும்" என்றான். இத்தனை வருடம் ஊருக்கு உபதேசம் செய்ததை ஒருவழியாக அவனும் கடைப்பிடிக்கிறான், கல்லுக்காவது.

எட்டாவது வாரம் மீன்கள் திரும்பி வந்தன. அடுத்த வாரம் பவளங்கள். பாசி முழுவதும் போகவில்லை. பின்பக்கம் கொஞ்சம் இருக்கிறது, புது நத்தைகள் மேய்கின்றன. காளான் பவளம் தட்டை விரித்தது. தோல் பவளம் மட்டும் வெளியிலே சொல்ல முடியாத கோபத்தோடு சுருண்டே கிடந்தது. வந்து பன்னிரண்டாம் நாள், மகேஸ்வரி எனக்கு வீடியோ அனுப்பினாள். உடம்பெல்லாம் சின்ன விரல்களை நீட்டியிருந்தது. பின்னணியில் கதிரேசனின் குரல். "லைட்டைக் கூட்டாத. கிட்டப் போகாத. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கைகளை விரித்து மூடிய பவளம் திரும்ப வரவில்லை. இறாலும் இல்லை. இப்போது விடலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். கதிரேசன்தான் தள்ளிப்போடுகிறான்.

என் பல்லுக்கும் ஒருவழியாக கேப் போட்டாயிற்று. கடைசி நாளில், வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"ராத்திரி பல் விளக்குறியா?"

என்னவோ, அன்றைக்கு உண்மையைச் சொல்லத் தோன்றியது. "வாரத்துல ரெண்டு நாள்."

திட்டுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை.

"சரி. மூணு நாளாக்கு. அப்புறம் பாப்போம்" என்றான்.

இத்தனை வருடத் திட்டு செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. இப்போது நான்கு நாள் விளக்குகிறேன். உங்களிடம் பொய் சொல்வானேன் — மூன்றரை.

போன வாரம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். திருப்பரங்குன்றத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் பல் கூச்சத்துக்காக வந்திருந்தார். தொட்டியைப் பார்த்ததும் கூச்சத்தை மறந்துவிட்டார். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இதேபோல ஒன்று வைக்க வேண்டும் என்றார். கதிரேசன் அவரை உட்கார வைத்து ஒன்று விடாமல் சொன்னான். மூன்று வேளைத் தீனி, பன்னிரண்டு மணி நேர லைட், பெராக்சைடு பாட்டில், திங்கட்கிழமைக் காலை... இறாலைப் பற்றிச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. ஜவுளிக்கடைக்காரர் உச்சுக்கொட்டினார். கண்கூடக் கலங்கியது.

எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "நீங்க சொல்றதெல்லாம் சரிதான் டாக்டர். ஆனா அவசரத்துக்குப் பாசி டக்குன்னு போற மாதிரி ஏதாச்சும் மருந்து இருக்கா?"

கதிரேசன் அவர் தோளில் கை வைத்தான்.

"பேசாம மீன் படம் போட்ட காலண்டர் ஒண்ணு வாங்கி மாட்டிருங்கண்ணே. பாசியே பிடிக்காது."